எட்டாம் வகுப்பில் ஊடகக் கல்விக்கு வாரம் ஒரு பாடவேளை தேவையா?

கேள்வி: அல்சூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகன் பெங்களூரில் அல்சூருக்கு அருகிலுள்ள ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஏழாம் வகுப்பை முடித்து எட்டாம் வகுப்புக்குப் போகிறான். வரும் கல்வியாண்டு முதல் எட்டு, ஒன்பது ஆகிய வகுப்புகளில் வாரம் ஒரு பாடவேளையை ஊடகக் கல்விக்கு ஒதுக்கலாமா என்று பள்ளி நிர்வாகம் பெற்றோர் ஆசிரியர் குழுவிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. இப்போது இருக்கும் இரண்டு நூலகப் பாடவேளைகளில் ஒன்றை அதற்கு எடுத்துக்கொள்வதாகத் திட்டம். குழுவில் நானும் இருப்பதால், அடுத்த கூட்டத்துக்கு முன் இங்கே உள்ளவர்களிடம் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

சென்ற கூட்டத்தில் எதிர்ப்பே மிகுதியாக இருந்தது. பத்திரிகைத் தொழிலுக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தானே இது வேண்டும் என்றார் ஒருவர். அந்த நேரத்தை ஒலிம்பியாட் பயிற்சிக்குக் கொடுத்தால் பயனுண்டு என்றார் இன்னொருவர். ஆதரித்துப் பேசிய ஓரிருவரும் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றும், ஆண்டுக்கு ஒரு முறை சைபர் குற்றப் பிரிவிலிருந்து யாரையாவது அழைத்துப் பேசச் சொன்னால் வேலை முடிந்தது என்றும் சொன்னார்கள். எனக்கு இந்த இரண்டு தரப்புமே நிறைவளிக்கவில்லை.

இந்த ஊரில் தமிழ் பேசும் குடும்பங்களுக்கு இது பாடத்திட்டத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. 2016 செப்டம்பரில் காவிரி நீர்த் திறப்பை ஒட்டி நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிரிநகரில் ஒரு தமிழ் மாணவரை அடிக்கும் காணொளி தமிழ்நாட்டில் கைப்பேசிக்குக் கைப்பேசி போனது. ராமேசுவரத்தில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒருவரை அடிக்கும் காணொளி இங்கே பரவியது. செப்டம்பர் 12 அன்று பேருந்துகள் எரிந்தன, நகரின் 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. அந்த இரண்டு காணொளிகளும் பொய்யல்ல, இரண்டும் உண்மையிலேயே நடந்தவை. அப்படியிருக்க, பொய்ச் செய்தியை அடையாளம் காணும் பயிற்சி மட்டும் அன்று யாருக்கு என்ன உதவியிருக்கும் என்பதுதான் என் மனத்தில் நிற்கும் கேள்வி.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊடகத்தைப் பற்றிப் பள்ளியில் எதைக் கற்றுக் கொடுக்க முடியும், அது உண்மையில் பயன் தருமா, தனிப் பாடவேளை இல்லாமல் இருக்கிற பாடங்களுக்குள்ளேயே அதைச் செய்துவிட முடியாதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: செய்தி மேசைக்காரர்

வணக்கம் அம்மா. ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூருப் பதிப்பில் நெடுங்காலம் துணை ஆசிரியராக வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அந்த இரண்டு காணொளிகளும் உண்மை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இந்த விஷயத்தின் நடுநாயகம். ஊடகத்தில் அப்பட்டமான பொய்யின் பங்கு குறைவு. நடந்த ஆயிரம் காரியங்களில் எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததில் எதை மேலே வைப்பது என்ற தீர்மானங்களே பெரும்பகுதி. அந்தத் தீர்மானத்தை ஒரு முறையாவது தன் கையால் எடுத்துப் பார்த்த பிள்ளை, அதன் பிறகு செய்தியைப் படிக்கும் விதமே வேறாக இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. காவிரி நடுவர் மன்றம் 2007இல், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. தர வேண்டும் என்று சொல்லியிருந்தது, அது 177.25 டி.எம்.சி.யாக ஆனது. குறைந்த 14.75 டி.எம்.சி. கர்நாடகத்துக்குப் போனது. அதில் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டதால் வந்தது, மீதி 4.75 டி.எம்.சி. பெங்களூரு மக்களின் குடிநீருக்கென்று ஒதுக்கப்பட்டது. இப்போது தலைப்பு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக்கு 14.75 டி.எம்.சி. குறைப்பு என்று எழுதலாம். கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூடுதல் என்று எழுதலாம். பெங்களூரின் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. என்றும் எழுதலாம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆற்றை எந்த மாநிலமும் தனக்கு மட்டுமே சொந்தமென்று கோர முடியாது என்று அதே தீர்ப்பு சொன்னதை எடுத்து மேலே வைக்கலாம். நான்கிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் நான்கையும் படிக்கிற நான்கு பேர் நான்கு வெவ்வேறு மனநிலையோடு அன்றைய காலைக் காப்பியைக் குடிப்பார்கள்.

எங்கள் பதிப்புக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. எங்கள் வாசகர் தமிழர், அவர் உறவினர் தஞ்சாவூரில் விவசாயம் செய்கிறார், ஆனால் அவர் வீட்டுக் குழாயில் வருவது காவிரி நீர். அந்தத் தீர்ப்பில் அவருக்கு வந்தது எது, போனது எது என்று யோசித்து ஒரு தலைப்பு எழுதுவது எளிதன்று. உங்கள் மகனுடைய வகுப்பில் இந்தத் தீர்ப்பின் எண்களை மட்டும் ஒரு தாளில் கொடுத்து, நான்கு ஊர் வாசகர்களுக்கு நான்கு தலைப்பு எழுதச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை முடிவதற்குள் பிள்ளைகள் புரிந்துகொள்வது, பொய்ச் செய்தியைப் பற்றிய பத்துச் சொற்பொழிவுகளில் கிடைக்காது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவதாக, பணம். மாலையில் பக்கத்தின் டம்மி, அதாவது மாதிரி வரைவு, எங்கள் மேசைக்கு வரும்போது விளம்பரங்களின் இடம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும், மீதி வெற்றிடம்தான் செய்திக்கு. வாசகர் கொடுக்கும் விலை தாளுக்கும் மைக்குமே போதாது, மற்றச் செலவையெல்லாம் விளம்பரம்தான் தாங்குகிறது. தொலைக்காட்சியிலும் இதே கதைதான். நாடு முழுவதும் மீட்டர் பொருத்தப்பட்ட 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கொண்டு கணக்கிடப்படும் டி.ஆர்.பி.தான் விளம்பரக் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் விவாத நிகழ்ச்சியில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். 2009 தேர்தல் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்ட வழக்கத்தை இந்தியப் பத்திரிகை மன்றமே விசாரித்து 2010இல் அறிக்கை அளித்தது. இவற்றையெல்லாம் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டிய அவசியமில்லை. நான் நேசித்துச் செய்த தொழில் இது. அதன் வரவு செலவைத் தெரிந்துகொண்ட வாசகரே அதற்கு நல்ல வாசகராகவும் இருப்பார் என்பது என் எண்ணம்.

பதில்: கோரமங்களா தந்தை

மேலே ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆனாலும் என் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். நான் மென்பொருள் துறையில் இருப்பவன், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன்.

முதல் தயக்கம், இது வேலை செய்கிறதா என்பது. 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் பீகாரில் 1,224 பேரை வைத்து ஒரு கள ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் போல நேரில் பயிற்சி கொடுத்து, பொய்த் தகவலை எப்படிச் சரிபார்ப்பது என்று விளக்கினார்கள். பிறகு சோதித்தபோது, பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடப் பொதுவாக மேம்பட்டிருக்கவில்லை. ஆளுங்கட்சியின் மேல் பற்று உள்ளவர்களிடம், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை அடையாளம் காணும் திறன் பயிற்சிக்குப் பிறகு குறையவும் செய்தது. அப்படியென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியம் என்பதற்காக மட்டும் பள்ளி நேரத்தை அதற்குக் கொடுக்க முடியுமா?

இரண்டாவது தயக்கம் எனக்கு இதைவிடப் பெரியது. எதைப் பார்த்தாலும் இதற்கு யார் காசு கொடுத்தார்கள், இதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கப் பழகிய பிள்ளை, ஒரு கட்டத்தில் எதையுமே நம்பாத பிள்ளையாக ஆகிவிடும். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தடுப்பூசிக்கு எதிராக எழுதுகிறவர்கள் யாரும் படிக்காதவர்கள் அல்லர். எல்லோரும் தாங்களாகவே ஆராய்ந்து உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் சொல்கிறார்கள். பத்திரிகையைச் சந்தேகிக்க வேண்டும், தொலைக்காட்சியைச் சந்தேகிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே பழக்கிவிட்டு, மருத்துவர் சொல்வதையும் பாடநூல் சொல்வதையும் மட்டும் நம்பு என்று பிறகு எப்படிச் சொல்வது?

ஆசிரியரின் அரசியலையும் மறந்துவிடக் கூடாது. எந்தத் தொலைக்காட்சியை உதாரணமாகக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு சார்பு வந்துவிடும். மொழிப் பாடத்தில் ஆழ்ந்து படிக்கக் கற்றுக் கொடுத்தால் இவையெல்லாம் தாமாகவே வந்துவிடாதா? நூலகப் பாடவேளையைப் பறிப்பதை மட்டும் தயவு செய்து ஒப்புக்கொள்ளாதீர்கள், சகோதரி. என் பெரிய மகள் புத்தகம் படிக்கிற ஒரே நேரம் அதுதான்.

பதில்: பிரேசர் டவுன் ஆசிரியை

இருவருக்கும் வணக்கம். நான் சமூக அறிவியல் ஆசிரியை. பள்ளியில் ஏழு முதல் பத்து வரையிலான வகுப்புகளை எடுக்கிறேன். கோரமங்களா தந்தை எழுப்பிய கேள்விகள் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் உள்ள கேள்விகள்தான், ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் சொன்ன ஆய்வு சரியானதே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆய்வாளர் வேறு சிலருடன் சேர்ந்து அதே பீகாரில் பின்னர் இன்னொரு ஆய்வை நடத்தினார். இந்த முறை 583 கிராமங்களில் 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள், மாநில அரசின் ஒத்துழைப்பு, சில மாதங்களுக்குப் பரவிய தொடர் வகுப்புகள். பயிற்சி பெற்ற மாணவர்கள் எது நம்பத்தக்கது, எது நம்பத்தகாதது என்று பிரித்தறிவதில் தெளிவாக முன்னேறினார்கள். வகுப்புகள் முடிந்து மாதங்கள் கழித்துக் கேட்டபோதும் அந்த முன்னேற்றம் நின்றது, பெற்றோரிடமும் அதன் தாக்கம் தெரிந்தது. ஒரே ஒரு மணி நேரம் பெரியவர்களிடம் பேசியது பலிக்கவில்லை, பள்ளி வயதுப் பிள்ளைகளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தது பலித்தது. ஆகவே அல்சூர் சகோதரி தன் கூட்டத்தில் எதிர்க்க வேண்டியது, ஆண்டுக்கு ஒரு நாள் யாரையாவது வரவழைத்துப் பேசச் சொல்லும் யோசனையைத்தான். பலிக்காது என்று சோதித்தே அறியப்பட்ட முறைக்கு நெருக்கமானது அதுதான்.

எல்லாவற்றையும் சந்தேகிக்கும் பழக்கம் வரும் என்ற அச்சம் நியாயமானது. தவறாகக் கற்பித்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் நாங்கள் கற்பிக்க முயல்வது சந்தேகத்தை அல்ல, யாரை நம்பலாம் என்று விரைவாக முடிவு செய்யும் பழக்கத்தை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு எனக்கு வழிகாட்டியது. வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, இவை நம்பத்தக்கவையா என்று கேட்டார்கள். மாணவர்களும், பேராசிரியர்களில் பலரும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாக ஆழ்ந்து படித்து ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துவது யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடிச் சரியான முடிவுக்கு வந்தார்கள். மொழிப் பாடத்தில் ஆழ்ந்து படிக்கக் கற்றால் போதுமே என்று கோரமங்களா தந்தை கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஆழ்ந்து படிப்பது இலக்கியத்துக்கு உரியது. முன்பின் தெரியாத ஒரு பக்கத்தை ஆழ்ந்து படிப்பது, அதை எழுதியவன் விரித்த வலையில் நாமே போய் உட்காருவதாகும். தடுப்பூசியைப் பற்றிய சந்தேகத்துக்கும் இதே மருந்துதான். பிள்ளை தானாக ஆராய்ந்து முடிவு கட்ட வேண்டியதில்லை, தகுதியுள்ளவர்கள் யார் என்று கண்டுபிடித்தால் போதும்.

அரசியல் சார்பு பற்றி. நான் வகுப்பை அரசியல் செய்தியில் தொடங்குவதே இல்லை. விளம்பரத்தில்தான் தொடங்குவேன். சென்ற ஆண்டு தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில் பயிற்சி நிலையங்களின் முழுப் பக்க விளம்பரங்கள் சிலவற்றைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். தரையில் விரித்துப் போட்டுப் பார்த்தபோது, ஒரே மாணவியின் படம் இரண்டு வெவ்வேறு நிலையங்களின் விளம்பரத்தில் இருந்ததை ஒரு பையன் கண்டுபிடித்தான். ஒருத்தி எப்படி இரண்டு இடத்தில் படித்திருக்க முடியும் என்று வகுப்பே பரபரத்தது. பிறகு ஒரு படத்தின் ஓரத்தில் இருந்த நட்சத்திரக் குறியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் அடிக்குப் போனார்கள். எறும்பளவு எழுத்தில் இருந்ததை ஒரு மாணவி உருப்பெருக்கிக் கண்ணாடியால் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அந்தப் படத்திலிருந்த மாணவி அங்கே முழுப் படிப்பில் சேரவே இல்லை, மாதிரித் தேர்வுகளை மட்டும்தான் எழுதியிருக்கிறாள். குடிமைப் பணித் தேர்வுக்கான பயிற்சி நிலையங்களில் இது போலவே, இலவச நேர்காணல் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்களைத் தங்கள் மாணவர்களாகக் காட்டியதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல நிலையங்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது. 2024 நவம்பரில் அந்த ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வெற்றி பெற்றவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் படத்தைப் போடக் கூடாது, அவர் படித்தது எந்தப் படிப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வகுப்பு முடிந்த பிறகு, தன் அண்ணனைச் சேர்க்கப் போகும் நிலையத்தைப் பற்றி வீட்டில் கேள்வி கேட்டதாக ஒரு பிள்ளை வந்து சொன்னது. இதில் எந்தக் கட்சியும் வரவில்லை. ஆனால் விடுபட்டதைத் தேடும் கண் வந்துவிட்டது.

அடுத்தது வெட்டும் கலை. 2018 மே மாதம் சாமராஜபேட்டையில், ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்திருந்த 26 வயது இளைஞரைக் குழந்தை கடத்துபவர் என்று எண்ணி ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அதே மாதம் போளூர்ப் பக்கம் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியும் அப்படியே கொல்லப்பட்டார். அந்த நாட்களில் கைப்பேசிகளில் சுற்றிய காணொளி ஒன்றில் இருசக்கர வண்டியில் வருபவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓர் எச்சரிக்கைப் பதாகையைக் காட்டுவார்கள். அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு அப்படியே காட்டுவது முறையல்ல என்பதால், எங்கள் பள்ளி விளையாட்டு விழாவின் காணொளியை எடுத்துக்கொண்டேன். தொடர் ஓட்டத்தில் ஒரு பையன் இடறி விழ, பின்னால் வந்தவன் நின்று அவனைத் தூக்கிவிடுகிறான். முழுக் காட்சியும் அவ்வளவுதான். கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பார்த்தால் பின்னால் வந்தவன் முன்னால் ஓடியவனைத் தள்ளிவிட்டது போல இருக்கும். முதலில் வெட்டியதைக் காட்டினேன். வகுப்பு கொதித்தது, அந்தப் பையன் வேறு பிரிவைச் சேர்ந்தவன் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொதித்தது. பிறகு முழுவதையும் காட்டினேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் குழுவாகப் பிரிந்து, அதே காட்சியிலிருந்து பள்ளியைப் பாராட்டும் ஒரு நிமிடப் படத்தையும் குறை சொல்லும் ஒரு நிமிடப் படத்தையும் அவர்களே செய்தார்கள். இரண்டிலும் ஒரு சட்டகம்கூட புதிதாக எடுக்கப்படவில்லை. அல்சூர் சகோதரி கேட்ட கேள்விக்கு, அதாவது காணொளி உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது என்பதற்கு, எனக்குத் தெரிந்த பதில் இதுதான். இதற்கு முன் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது, இதை எடுத்தவர் யார், இதை இப்போது எனக்கு அனுப்புவதால் யாருக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்கும் பழக்கம் உண்மைக் காணொளிக்கும் தேவை.

தனிப் பாடவேளை வேண்டுமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, வேண்டும். 2007இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் ஊடகத்தைப் பற்றி ஓர் அத்தியாயமும் விளம்பரத்தைப் பற்றி ஓர் அத்தியாயமும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் வரலாறும் புவியியலும் தள்ளிக்கொண்டு வரும்போது அவற்றுக்குக் கிடைத்தது சில வகுப்புகள்தான், பல பள்ளிகளில் கேள்வி பதிலாகக் குறிப்பேட்டில் எழுதிப் போட்டதோடு சரி. பின்லாந்தில் ஊடகக் கல்வி தனிப் பாடமாக இல்லாமல் எல்லாப் பாடங்களிலும் கலந்திருக்கிறது என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அங்கே எல்லா ஆசிரியர்களும் அதற்கென்று தயாரிக்கப்படுகிறார்கள். நம்மிடம் அந்த ஏற்பாடு வரும்வரை, எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் யாருடைய பொறுப்பாகவும் இருக்காது. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு சி.பி.எஸ்.இ. வைத்திருக்கும் குறுகிய திறன் பாடங்களில் ஊடக அறிவும் ஒன்று. உங்கள் பள்ளி புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை என்பதை நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

பதில்: கல்லூரி மாணவி, ஜெயநகர்

ஆசிரியை எழுதியதோடு ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கிறேன். நான் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் சி.பி.எஸ்.இ.யின் மக்கள் ஊடகவியல் பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்துப் படித்தேன். இப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு பொருளாதாரம் படிக்கிறேன், பத்திரிகைத் துறைக்குப் போகும் எண்ணம் இல்லை. 2022 முதல் நடக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்விலும் இது ஒரு பாடமாக இருப்பதால், எடுத்தால் மேற்படிப்புக்கு வழியில்லை என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு நெருங்கியதும் எங்கள் வகுப்பே வரையறைகளை மனப்பாடம் செய்யும் வகுப்பாக மாறிவிட்டது. ஊடகத்தின் பணிகள் யாவை என்று ஐந்து வரிகளில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள், அன்று மாலையே வந்த வதந்தியை அப்படியே அனுப்பினார்கள். எனக்கு இன்றும் பயன்படுவது, செய்முறைக்காக நாங்கள் தயாரித்த வானொலி நிகழ்ச்சி. எங்கள் பகுதியின் குடிநீர் லாரிகளைப் பற்றியது அது. லாரி உரிமையாளர், வீட்டுவேலை செய்யும் ஓர் அம்மா, குடியிருப்புச் சங்கச் செயலாளர் என மூவரிடமும் பேசிப் பதிவு செய்து, பத்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. யாருடைய பேச்சை வெட்டுவது என்று எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. செயலாளர் தெளிவாகவும் சரளமாகவும் பேசியிருந்ததால் அவர் பேச்சே அதிகம் இடம்பிடித்தது. அந்த அம்மா தயங்கித் தயங்கிப் பேசினார், ஆனால் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர் அவர்தான். கடைசியில் மறுபடி உட்கார்ந்து வெட்டி ஒட்டினோம். ஆகவே எட்டாம் வகுப்பில் இதைக் கொண்டுவந்தால் தயவு செய்து தேர்வு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆன்ட்டி.

பதில்: கோரமங்களா தந்தை

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. இரண்டாவது பீகார் ஆய்வை நான் அறிந்திருக்கவில்லை, தேடிப் படிக்கிறேன். விளம்பரத்தில் தொடங்கும் முறை எனக்கு ஏற்புடையதே. நூலகப் பாடவேளையை எடுப்பதைப் பற்றிய என் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. சார்பு பற்றிய கேள்வியும் ஒன்பதாம் வகுப்பில் அரசியல் செய்திக்கு வரும்போது மறுபடி எழும். அப்போது இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து வகுப்பு எடுத்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: அல்சூர் வாசகி

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. நீங்கள் எழுதியவற்றை வைத்துக் குழுவில் நான் சொல்லப் போவது இது. பாடவேளை வேண்டும், ஆனால் நூலக நேரத்தைப் பறித்து அல்ல. வாரத்துக்கு ஒன்றாக இருக்கும் கணினிப் பாடவேளையையும் சமூக அறிவியலின் ஒரு பாடவேளையையும் மாற்றி மாற்றி இதற்குக் கொடுக்கலாம். எழுத்துத் தேர்வு கூடாது. முதல் பருவத்தில் விளம்பரமும் படத்தொகுப்பும், இரண்டாம் பருவத்தில் பிள்ளைகளே தயாரிக்கும் ஒரு சுவர்ப் பத்திரிகை. ஒன்பதாம் வகுப்பில் மட்டும் அரசியல் செய்தி, அதுவும் இரண்டு ஆசிரியர்களோடு.

செய்தி மேசைக்காரர் ஐயா சொன்ன தலைப்புப் பயிற்சியை நேற்றிரவு வீட்டிலேயே செய்து பார்த்தோம். என் மகன் பள்ளியில் கன்னடம் படிக்கிறான், வீட்டில் நான் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எண்களை எழுதிக் கொடுத்ததும் கன்னடத்தில் ஒரு தலைப்பும் தமிழில் ஒரு தலைப்பும் எழுதினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சண்டை போடாமல் இருக்க ஒரு தலைப்பு எழுத முடியுமா என்று கேட்டு, தூங்கப் போகும்வரை அதையே எழுதியும் அடித்தும் கொண்டிருந்தான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மொழிகளில் செய்தி படிக்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை. ஆகவே பள்ளி நூலகத்துக்குக் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நாளிதழ் வரவழைக்க வேண்டும் என்பதையும் என் கோரிக்கையில் சேர்க்கிறேன். இப்போது ஆங்கில நாளிதழ் மட்டும்தான் வருகிறது. இதில் பள்ளி தயங்குமா, ஆசிரியை அவர்களே?

பதில்: பிரேசர் டவுன் ஆசிரியை

செலவைக் காரணம் காட்டி யாரும் தயங்க மாட்டார்கள். தமிழ் நாளிதழுக்கு மட்டும் என்ன தேவை என்று கூட்டத்தில் யாராவது கேட்கலாம். அதனால் உருது, தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் பெற்றோரையும் முன்கூட்டியே பார்த்துப் பேசி, அவரவர் வீட்டுக்கு வரும் நாளிதழை வாரம் ஒரு நாள் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே தேதியைச் சொல்லிவிட வேண்டும், தேதி மாறினால் ஒப்பிட முடியாது. முக்கியமாக, உங்கள் பள்ளியின் கன்னட ஆசிரியரைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேச வையுங்கள். எங்கள் பள்ளியில் இந்தப் பாடவேளையை முதலில் ஆதரித்துக் கையெழுத்துப் போட்டவர் எங்கள் கன்னட ஆசிரியர்தான். முதல் பருவத்துக்கான என் வகுப்புக் குறிப்புகளை இந்த வாரக் கடைசியில் உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பிவைக்கிறேன்.